பாஸ் வாங்கலாமா? முதலில் அம்மாவின் முழங்காலைக் கேளுங்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் குடும்பங்களுக்குச் சுற்றுலாத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஏப்ரல், மே வந்தால் போதும், கேள்விகளில் பாதி, பல சுற்றுலா இடங்களுக்குச் சேர்த்து விற்கும் இந்தத் தள்ளுபடி பாஸ்களைப் பற்றித்தான். இந்த முறை ஐந்து கேள்விகள்.

திருச்சியிலிருந்து அப்பாவும் (68) அம்மாவும் (63) வருகிறார்கள். எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே 3 நாள் பாஸ் வாங்கிவிடலாமா? — ஈசூன் வாசகி

வேண்டாம் என்றே சொல்வேன். இந்தப் பாஸ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாள் கணக்கு (இத்தனை நாளைக்கு), இன்னொன்று இடக் கணக்கு (இத்தனை இடத்துக்கு). நாள் கணக்கில் பெரும்பாலும் காலண்டர் நாளைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் 5 மணிக்கு முதல் இடத்தில் பாஸைக் காட்டினாலும் அன்றைக்கு ஒரு நாள் கழிந்துவிடும். கொடுத்த காசு திரும்ப வேண்டுமென்றால் தினமும் இரண்டு மூன்று இடமாவது போக வேண்டும். நம் வெயிலில் அறுபது தாண்டியவர்களுக்கு அது நடக்கிற காரியமா?

ஒரு மதுரைத் தம்பதிக்கு இப்படி ஒரு பாஸை வாங்கித் தந்திருந்தார்கள். கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை தி பே) இருக்கும் கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அந்த அம்மா மர நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவர் கணவரோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு இடம் பாக்கி. அந்த அரை மணி நேர நிழல்தான் அன்றைக்கு அந்த அம்மாவுக்குக் கிடைத்த சுகம். அதைப் போய் நட்டக் கணக்கில் எழுத வைத்துவிட்டதே இந்தப் பாஸ் என்று எனக்கு இன்னமும் மனசு கேட்கவில்லை.

ஒரு தாளை எடுங்கள். பாஸ் என்று ஒன்றே இல்லாவிட்டாலும் அவர்கள் போக ஆசைப்படும் இடங்களை மட்டும் எழுதி, தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பாருங்கள். மூன்று நான்கு இடத்துக்கு மேல் வராது. அதையும்விடக் குறைவாக இடக் கணக்குப் பாஸ் கிடைத்தால் சரி, வாங்குங்கள். காசே வேண்டாத இடங்களையும் மறக்காதீர்கள். பூமலை (தாவரவியல் பூங்கா), சிராங்கூன் சாலைக் கோவில்கள், சாங்கி விமான நிலையத்தில் ஜுவலின் 40 மீட்டர் அருவி எல்லாமே இலவசம். கரையோரப் பூந்தோட்டங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் அந்தப் பெரிய மரங்களில் நடக்கும் ஒளிக்காட்சியும் அப்படித்தான். அம்மாக்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பஸ், எம்ஆர்டி ரயிலுக்கு டூரிஸ்ட் பாஸ் லாபமா? — புக்கிட் பாத்தோக் வாசகர்

அந்தப் பாஸ் இருந்தால் பஸ், ரயிலில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். அது இல்லாமல் போனாலும் பெரியவர்களுக்கு ஒரு பயணம் ஒரு வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சில்லறையில் தொடங்கி, மிகத் தூரம் போனாலும் ஏறக்குறைய இரண்டரை வெள்ளியில் முடிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து தேக்கா (லிட்டில் இந்தியா), அங்கிருந்து மரினா பே, மறுபடி வீடு என்றால் 6, 7 வெள்ளி. 3 நாள் பாஸில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 வெள்ளி விழும், 1 நாள் பாஸ் இன்னும் அதிகம். தினம் ஆறேழு முறை ஏறி இறங்கும் இளைஞர்களுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும். செந்தோசா தீவுக்குப் போகும் ரயில் இதில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ஈசி-லிங்க் பயணக் கார்டுகளில் காசு போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். ஊர் வங்கி கார்டையும் தட்டலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். குழந்தை 0.9 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு மிருகங்கள் என்றால் உயிர். விலங்குப் பூங்காக்கள் இருக்கும் மண்டாய்க்கு மட்டும் இரண்டு நாள் போகிறோம். — தெம்பனிஸ் பாட்டி

அம்மா, உங்களுக்குக் கட்டாயம் லாபம். விலங்கியல் தோட்டம், நைட் சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், பர்ட் பேரடைஸ் இவற்றுக்குச் சேர்த்து வாங்கும் டிக்கெட் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவு. நைட் சஃபாரி இரவு 7.15க்குத்தான் திறக்கும். அன்று மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள்.

நான் நிரந்தரவாசி. கூடப் போவதற்கு எனக்கும் பாஸ் வேண்டுமா?

வேண்டாம். பல இடங்களில் உள்ளூர்வாசிகளுக்குத் தனி விலை உண்டு. இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நீங்கள் இலவசமாகவே போகலாம். உறவினர்களுக்குத்தான் டிக்கெட்.

தேக்காவில் அக்கா நகை வாங்கப் போகிறார். வரியைத் திரும்பப் பெறலாமாமே? பிறகு பஸ்ஸில் கோலாலம்பூர் போகிறார். — உட்லண்ட்ஸ் வாசகர்

பாஸில் மிச்சம் பிடிப்பதைவிட இதில்தான் பெரிய காசு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஜிஎஸ்டி இப்போது 9 விழுக்காடு. வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் இருக்கும் கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுப்பயணி அதைத் திரும்பக் கேட்கலாம். கையாளும் கட்டணம் போக மீதிதான் கைக்கு வரும். கடையில் அக்காவின் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வாங்குபவரும் அக்காவாகவே இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிப் பரிசாகக் கொடுத்தால் செல்லாது. நகையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், சுங்கத்தில் காட்டச் சொல்லலாம்.

ஆனால் உட்லண்ட்ஸ் வழியாகத் தரைமார்க்கமாகப் போகிறவர்களுக்கு இது கிடையாது. வாங்கிய 2 மாதத்துக்குள் சாங்கியிலிருந்து விமானம் ஏறினால் உண்டு. கோலாலம்பூருக்கு முதலில் போய்விட்டு, திரும்பி வந்து நகையை வாங்கி, சாங்கியிலிருந்து ஊருக்குக் கிளம்ப முடியுமா என்று கடைக்குப் போவதற்கு முன்பே டிக்கெட்டைப் பாருங்கள்.