பூனைக்குச் சர்க்கரை நோய்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு 9 வயது, கருத்தடை செய்த ஆண், நல்ல குண்டு. இப்போது தட்டைக் காலி செய்தும் இளைக்கிறான். மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. சர்க்கரையா?

பதில்: வாய்ப்பு அதிகம். நடுவயது தாண்டிய, பருமனான, கருத்தடை செய்த ஆண் பூனைகளிடம்தான் இது கூடுதலாக வருகிறது. எறும்பை மட்டும் நம்பாமல் தண்ணீரை அளந்து வையுங்கள், மறுநாள் மிச்சத்தையும் அளங்கள். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் நிச்சயம் கோளாறுதான். தைராய்டு அதிகமானாலும் நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும் என்பதால் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். பின்னங்கால் குதி தரையில் படிய நடந்தால் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம்; தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மருத்துவமனையில் ஒரு தடவை பார்த்ததில் 290. உடனே இன்சுலினா?

பதில்: வேண்டாம். கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோன பயத்திலேயே பூனைக்கு 300கூடத் தாண்டலாம். முந்தைய ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைக் கேளுங்கள். வாய்ப்புண்ணுக்கோ அரிப்புக்கோ அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை ஏற அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கிளார்ஜின் என்ற இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எப்படிப் போடுவது?

பதில்: முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. நம் மருந்துக்கடைகளில் சிவப்பு மூடி யு-40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு), ஆரஞ்சு மூடி யு-100 (ஒரு மி.லி.யில் 100 யூனிட்) இரண்டும் கிடைக்கும். கிளார்ஜின் பொதுவாக யு-100. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனைக்குப் பெரும்பாலும் ஒரு யூனிட்டில், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றுதான் தொடங்குவார்கள் என்பதால் அந்த வித்தியாசம் உயிரையே எடுக்கலாம். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மி.லி. யு-100 சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள், உறையவிடாதீர்கள், குலுக்காதீர்கள். பூனை சாப்பிடத் தொடங்கியதும் விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியை அதன் அடியில் சாய்வாகச் செலுத்துங்கள். பிறகு ரோமத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் இன்னொரு ஊசி போடாதீர்கள். அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டை டோஸ் போனால் ஆபத்து. சாப்பிட மறுத்த வேளையில் ஊசி போடுவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். அளவை நீங்களாக ஏற்றவே கூடாது.

கேள்வி: தயிர்சாதமும் மீனும் கொடுக்கலாமா?

பதில்: சோறு, பால் இரண்டையும் விட்டுவிடுங்கள். மாவுச்சத்திலிருந்து வரும் கலோரி 12 சதவீதத்துக்கும் குறைவான ஈர உணவு நல்லது. உலர் உணவில் அது பல மடங்கு இருக்கும். வெறும் மீன் மட்டும் போதாது, சத்து முழுமையாக இருக்காது. ஏற்கெனவே இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை திடீரென இறங்கும், டோஸைக் குறைக்க வேண்டிவரும். இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து பூனை செத்துப்போகலாம்.

கேள்வி: ஊசி போட்ட சில மணி நேரத்தில் தள்ளாடுகிறது, உடம்பு நடுங்குகிறது.

பதில்: சர்க்கரை இறங்கிவிட்டது. அளந்து பார்க்கவெல்லாம் நிற்காதீர்கள். விழுங்க முடிந்தால் உணவு கொடுங்கள்; முடியாவிட்டால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஈறில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்ற வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தெளிந்தாலும் சரி. இதற்கு மாறாக வாந்தி, சாப்பிடாமை, சுருண்டு கிடப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் அது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறிய நிலையாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது.

கேள்வி: ஆயுசுக்கும் ஊசிதானா?

பதில்: எல்லாப் பூனைக்கும் அல்ல. சீக்கிரம் கண்டுபிடித்து, முதல் சில மாதங்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போகிறது. அப்போதும் மாவுச்சத்து குறைந்த உணவைத் தொடருங்கள், தண்ணீர் குடிக்கும் அளவைக் கவனியுங்கள். நோய் திரும்பி வரக்கூடும்.