கையெழுத்து கேட்காத சேமிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடத்தைப் பொருளியல் பற்றிய கட்டுரையில், ஊழியர்களைக் கேட்காமலேயே ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர்த்துவிடும் அமெரிக்க ஏற்பாட்டைப் பாராட்டியிருந்தீர்கள். விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம், சரி. ஆனாலும் வளர்ந்த மனிதர்களின் சம்பளத்தில் அவர்களைக் கேட்காமல் கைவைப்பது எனக்கு உறுத்துகிறது. அவரவர் பாட்டுக்கு விட்டால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

உறுத்தத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் அல்ல.

பொருளியலாளர்கள் பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷேயும் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் 401(கே) என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் சேரப் படிவம் நிரப்பித் தரவேண்டியிருந்தது. 1998 ஏப்ரல் முதல் புதிய ஊழியர்கள் கேட்காமலேயே சேர்க்கப்பட்டார்கள். வேண்டாம் என்பவர்தான் சொல்லவேண்டும். ஏறக்குறைய ஒரே பணிக்காலம் கொண்டவர்களை ஒப்பிட்டால், முன்பு சேர்ந்திருந்தவர்கள் 37 சதவீதம், பிறகு 86.

இந்த இரண்டு எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அதே ஆய்வின் மறுபாதிதான் சுவாரசியம். நிறுவனம் பிடித்தம் செய்தது சம்பளத்தில் 3 சதவீதம். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அந்த 3 சதவீதத்திலேயே நின்றுவிட்டார்கள். 6 சதவீதம் வரை போடும் பணத்துக்கு அதில் பாதியை நிறுவனமே சேர்த்துத் தரும் என்பது விதி. முன்பு தாமே முடிவெடுத்துச் சேர்ந்தவர்களில் பலர் அதை உணர்ந்து 6 சதவீதம் போட்டிருந்தார்கள். அதாவது, கேட்டிருந்தால் கூடுதலாகச் சேமித்திருக்கக்கூடிய சிலரை இந்த ஏற்பாடு கீழே இழுத்துவிட்டது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. விகிதத்தை மாற்றுவதும் பெரிய வேலை இல்லை.

அவரவர் பாட்டுக்கு விடச் சொல்கிறீர்கள். பழைய முறையிலும் ஒரு முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தது: கையெழுத்துப் போடாதவருக்குப் பூச்சியம். பூச்சியம் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஏதோ ஓர் எண்ணை யாரோ எழுதித்தான் ஆகவேண்டும். என் உறுத்தல், அதை எவ்வளவு யோசித்து எழுதுகிறார்கள் என்பதில். அமெரிக்க வருமானவரித் துறை 1998இல் ஒரு விதியை விளக்கும்போது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்ணும் இதே 3 தான். பின்னர் பல நிறுவனங்கள் அதையே பிடித்துக்கொண்டன. எடுத்துக்காட்டு எப்படி அறிவுரையாக மாறுகிறது பாருங்கள்!

உங்கள் மனத்துக்கு, பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் வகுத்த திட்டம் ஒத்துவரலாம். அதில் ஊழியரிடம் முன்பே சம்மதம் வாங்கி, ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் பிடித்தத்தைக் கூட்டுவார்கள். கைக்கு வரும் தொகை குறைவதில்லை என்பதால் யாருக்கும் வலிப்பதில்லை. முதன்முதலில் செயல்படுத்திய இடத்தில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது.

இவ்வளவும் ஒரே ஒரு கணக்கைப் பற்றிய செய்தி. குடும்பத்துக்கோ பல கணக்குகள். ஒன்றில் ஏறுவது இன்னொன்றில் கடனாக முளைக்கலாம். பெஷியர்ஸ், சோய், லெய்ப்சன், மாட்ரியன், ஸ்கிம்மிஹார்ன் ஆகியோர் 2022இல் அதைத்தான் ஆராய்ந்தார்கள். அமெரிக்க ராணுவத்தில், கேட்காமலேயே சேமிப்பில் சேர்க்கப்பட்ட சிவில் ஊழியர்களிடம் கிரெடிட் கார்டு போன்ற கடன்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. வாகனக் கடனும் வீட்டுக் கடனும் கூடின. வீட்டுக் கடனுக்கு எதிரே வீடு இருக்கிறது. அதை இழப்பு என்று சொல்லிவிட முடியாது. வாகனக் கடனை அப்படி விட என்னால் முடியவில்லை. வாகனத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், வட்டியையோ கட்டியே ஆகவேண்டும்.