டீடெமான் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்டையோட்டை அளந்து இனங்களைத் தரம் பிரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை நண்பர்களிடம் பகிர்ந்தேன். ‘அன்று எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள், இன்றிருந்துகொண்டு அவர்களைக் குறை சொல்லலாமா?’ என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுத்துப் பேசிய உடற்கூறியலாளர் ஒருவர்கூட இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருந்தார். ஃப்ரீட்ரிஷ் டீடெமான். 1781-ல் ஜெர்மனியின் காசெலில் பிறந்தவர். 1816 முதல் 1849 வரை ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கருவிலுள்ள சிசுவின் மூளை எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்று 1816-லேயே நூல் எழுதியவர். வேதியியலாளர் க்மெலினோடு சேர்ந்து செரிமானத்தை ஆராய்ந்தார். இன்று எனர்ஜி டிரிங்க் டப்பாக்களில் பெயர் அச்சாகும் டாரின், 1827-ல் இவ்விருவரும் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்ததுதான். மூளையைப் பற்றிப் பேச அன்றைய ஐரோப்பாவில் அவரைவிடத் தகுதியுள்ளவர்கள் குறைவு.

ஆப்பிரிக்கரின் மூளை சிறியது என்று ஸோமரிங், குவியே போன்ற பெரிய உடற்கூறியலாளர்கள் எழுதிவைத்திருந்தார்கள். டீடெமான் அதைச் சோதித்தார். வெற்று மண்டையோட்டை எடை போடுவார். உலர்ந்த சிறுதானியத்தை அதில் நிரப்பி மறுபடி எடை போடுவார். வித்தியாசம்தான் உள்ளிடத்தின் அளவு. பல நாட்டு மக்களின் மண்டையோடுகளை இப்படி அளந்து, 1836-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். மூளையின் அளவிலோ அமைப்பிலோ கறுப்பின மக்களைத் தாழ்த்திச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. அடிமை ஒழிப்புச் சட்டத்தை பிரிட்டன் நிறைவேற்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் அடிமைமுறை தழைத்துக்கொண்டிருந்தது. இந்த ஆய்வு அரசியலுக்கும் சட்டத்துக்கும் முக்கியமானது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

உங்கள் நண்பர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1839-ல், ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் தன் மண்டையோட்டு நூலை வெளியிட்டார். அவரும் முதலில் விதைகளைப் போட்டுத்தான் அளந்தார். 2018-ல் வந்த ஓர் ஆய்வு இருவரின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. எண்கள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன! மார்ட்டன் இனத்துக்கு ஒரு சராசரி போட்டு, ஏணிப்படி போல அடுக்கினார். டீடெமான் ஒவ்வொரு மக்களிலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று பார்த்தார். ஒரு மக்களின் அளவெல்லைக்குள் மற்ற மக்களின் அளவுகளும் அடங்குவதைக் கண்டார். ஆக, மார்ட்டன் எழுதிய காலத்திலேயே வேறு விதமாகப் படிக்கவும் வழி இருந்தது. ‘எல்லோருமே அப்படித்தான்’ என்ற சமாதானத்தை நான் ஏற்காதது இதனால்தான்.

டீடெமானிடமும் குறைகள் உண்டு. அவர் நேரில் அறுத்துப் பார்த்த கறுப்பின மக்களின் மூளைகள் மிகச் சில. அவர் அளந்த ஓடுகளுக்கு உரியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அந்தக் கேள்வியை ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் இப்போதுதான் எதிர்கொள்கின்றன.

அவருடைய முதுமை கொடியது. 1849-ல், தென்மேற்கு ஜெர்மனியில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த பாடன் புரட்சி நசுக்கப்பட்டபோது, ராஷ்டாட் கோட்டையின் புரட்சித் தளபதியாக இருந்த அவர் மகன் குஸ்டாவைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு அவர் பதவியிலிருந்து விலகினார். 1861-ல் மியூனிக்கில் இறந்தார்.

அந்த 1836 கட்டுரை ராயல் சொசைட்டியின் இணையதளத்தில் கிடைக்கிறது. வாதங்களுக்குப் போகுமுன் அட்டவணைகளைப் பாருங்கள், நண்பர்களுக்கும் காட்டுங்கள்.