வீட்டை அடமானம் வைக்கும் முன், தம்பி ஒரு சுற்று நடக்கட்டும்

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

ஜி.பி.எஸ். இல்லாமல் தானே வழி கண்டுபிடித்து ஓடும் வண்டியைச் செய்ய வேண்டும் என்று பிளஸ் டூ படிக்கும் மகன் பிடிவாதமாக இருக்கிறான். 'ரோபோட்டிக்ஸ்' என்று பெயர் போட்ட படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். ஆனால் அவன் ஆசையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

கரண்ட் போன இரவில் சமையற்கட்டிலிருந்து வாசலுக்கு எப்படி வருகிறீர்கள்? அடியைக் கணக்கு வைத்து நடக்கிறீர்கள். தூண் கையில் பட்டதும் நிற்கும் இடம் உறுதியாகிவிடுகிறது. அந்த வண்டியும் இப்படித்தான். சக்கரம் சுற்றுவதை எண்ணும், வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும் திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்பும் அசைவைச் சொல்லும், கேமராவும் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும் தூணைத் தேடும். உங்கள் மாமனார் இறங்கிய கோலார் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஜி.பி.எஸ்.ஸுக்கு வேண்டிய செயற்கைக்கோள் சிக்னல் அங்கே எட்டாது. சுரங்கம், கிடங்கு, தொழிற்சாலைக் கூடம் என்று இந்த நுட்பத்துக்குத் தேவை இருக்கும் இடங்கள் நிறைய. சாலையில் ஓடும் ஆளில்லாக் காரை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம்.

இதன் உயிர் கணக்கில் இருக்கிறது. முடுக்கமானி ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 0.01 மீட்டரைத் தவறாகக் கூட்டிச் சொல்கிறது என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் வண்டி 18 மீட்டர் தள்ளி இருப்பதாக நினைக்கும். இரண்டு நிமிடத்தில் 72 மீட்டர். இது அவன் இப்போது படிக்கும் தொகை நுண்கணிதம்தான். இந்தப் பிழையை அடக்க 1960-ல் ருடால்ஃப் கால்மன் எழுதிய வழிமுறைக்கு அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் வேண்டும். இவற்றை ஆழமாகப் படிக்க ஈ.சி.இ., மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவும் போதும். வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கவுன்சலிங்கில் அதையும் எழுதுங்கள். படிப்பின் பெயரைப் பார்த்துக் கடன் வாங்கிய குடும்பங்கள் தவித்ததைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. போனில் சென்சார் அளவுகளைப் பதியும் இலவசச் செயலிகள் உண்டு. தம்பி ஒன்றை இறக்கிக்கொண்டு, லொகேஷனை அணைத்துவிட்டு, வேலூர் கோட்டை மைதானத்தை ஒரு சுற்று நடந்து புறப்பட்ட இடத்துக்கே வரட்டும். பதிவான அளவுகளை வைத்து அவன் போடும் கணக்கு அவனை வேறெங்கோ நிறுத்தும். எவ்வளவு தூரம் தள்ளி, ஏன் என்று நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து பார்ப்போம்.