சிறு போக்குவரத்து அருங்காட்சியகங்களில் தன்னார்வலர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஏன் ஓயாத சண்டை?

சிறிய டிராம் அருங்காட்சியகம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறீர்கள். பட்டறையில் வேலை செய்பவர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஏன் இப்படி, இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இப்படிப்பட்ட ஓர் இடத்தில் முதலில் பட்டறையிலும் அப்புறம் நிர்வாகக் குழுவிலும் இருந்தவன். "எல்லாம் ஈகோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அது ஒப்பவில்லை. மேலாளர் மாறுவார், மூத்த தன்னார்வலர் விலகிப் போவார், புது ஆட்கள் வருவார்கள். சண்டை மட்டும் அப்படியே இருக்கும். ஆள் மாறியும் சண்டை மாறவில்லை என்றால், அந்த இடம் உருவான விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ அருங்காட்சியகம் அமைக்கும்போது பெரும்பாலும் ஓர் அரசோ அறக்கட்டளையோ முதலில் வரும். பொருட்கள் பின்னால் வந்து சேரும். போக்குவரத்து அருங்காட்சியகங்கள் பலவற்றின் கதை தலைகீழ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள சீஷோர் டிராலி மியூசியம், 1939-ல் சில இளைஞர்கள் காசு சேர்த்து 31-ஆம் எண் டிராம் ஒன்றை 150 டாலருக்கு வாங்கியதில் தொடங்கியது. வேல்ஸில் 1865 முதல் ஓடிய டாலிலின் ரயில்பாதையின் உரிமையாளர் 1950-ல் இறந்தபோது, பாதை மூடப்படும் நிலை. அந்த ஆண்டு அக்டோபரில் பர்மிங்காமில் ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1951 மே மாதம் அவர்களே ரயிலை ஓட்டினார்கள். பாதையோடு வந்த இரண்டு பழைய எஞ்சின்களில் ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது. தன்னார்வலர்கள் கைக்கு வந்து ஓடிய ரயில்பாதைகளில் உலகிலேயே அதுதான் முதல்.

வண்டி முதலில், நிர்வாகம் பின்னால். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். உடைத்து விற்கப் போன வண்டியை மீட்டவர்களும், மழையில் தார்ப்பாய் போட்டுக் காத்தவர்களும்தான் அந்த இடத்தை உண்டாக்கியவர்கள். ஐம்பது வருடம் கழித்து, சம்பளத்துக்கு ஒரு மேலாளர் வந்து உட்கார்ந்து "இனி இதற்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள்" என்று சொன்னால், தங்கள் வீட்டுக்குள் வந்த அந்நியர் சட்டம் பேசுவதுபோல அவர்களுக்குப் படும்.

ஆனால் அந்த மேலாளர் சும்மா வருவதில்லை. பயணிகளை ஏற்றி ஓட்டுகிற எந்த இடத்துக்கும் விபத்துச் சட்டம், காப்பீடு, தணிக்கை எல்லாம் உண்டு. பிரேக் பிடிக்காமல் டிராம் மோதினால் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் நிர்வாகக் குழுவினர். "யார் சோதித்தார், எந்தத் தேதியில், கையெழுத்து எங்கே?" என்றுதான் முதல் கேள்வி வரும். நாற்பது வருட அனுபவம் உள்ளவர் காதால் கேட்டே சக்கரத்தின் தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டதைச் சொல்லிவிடுவார், உண்மைதான். அது எழுத்தில் இல்லையென்றால் விசாரணையில் இல்லாததற்குச் சமம்.

பின்னணிச் சோதனையும் அப்படித்தான். இத்தனை வருடம் உழைத்தவனைச் சந்தேகப்படுகிறார்களே என்று மூத்தவர்கள் புண்படுவார்கள். ஆஸ்திரேலியாவின் பஃபிங் பில்லி என்ற பழைய நீராவி ரயில்பாதையைப் பற்றி விக்டோரியா மாநிலத்தின் ஆம்புட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரி, 2018-ல் வெளியிட்ட அறிக்கையை அவர்கள் படிக்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர் அங்கே நெடுங்காலம் தன்னார்வலராக இருந்திருக்கிறார். "நம்ம ஆள்தானே" என்கிற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க நிர்வாகத்தின் பக்கம்.

சரி, இப்போது பட்டறைப் பக்கம் வருவோம். நான் இருந்த இடத்தில், வளாகத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி நிர்வாகம் ஒரு வாரநாளில் ஆள் அனுப்பியது. தன்னார்வலர்கள் வருவது வார இறுதியில்தான். பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கறுப்பும் சிவப்பும் பூசிய பழைய மரக்கட்டைகள் கிடந்தன. விறகு என்று நினைத்து ஏற்றிவிட்டார்கள். சக்கரத்தை அழுத்தி வண்டியை நிறுத்தும் இரும்புத் துண்டுக்குப் பிரேக் கட்டை என்று பெயர். அதை வார்ப்பதற்கான மர மாதிரிகள் அவை, வார்ப்படக்காரர்கள் பேட்டர்ன் என்பார்களே, அவை. பழைய டிராமின் பிரேக் கட்டை கடையில் கிடைக்காது. வார்ப்படப் பட்டறைக்கு மாதிரியைக் கொடுத்தால்தான் புதிது வரும்.

மாதிரி போனால் பழைய பிரேக் கட்டையைப் பார்த்து அளவெடுத்துக்கொள்ளலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அப்படி நடக்காது. உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். இதற்கென்றே சுருக்கத்தைச் சேர்த்து அடித்த தனி அளவுகோல் உண்டு. அச்சு எடுக்க மணலில் பதித்த மாதிரியை உருவும்போது ஓரம் உடையாமல் இருக்கப் பக்கங்களில் லேசான சாய்வும் வேண்டும். கையில் இருக்கும் பழைய கட்டையோ தேய்ந்துபோனது. அதன் முதல் அளவே அதில் இல்லை. அந்த மாதிரிகளைச் செய்தவர் தச்சு வேலையில் ஊறியவர், அப்போதே உயிரோடு இல்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் காலிக் கொட்டகையைப் பார்த்துவிட்டு ஒருவரும் சத்தம் போடவில்லை. மூன்று பேர் தங்கள் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை.

அலுவலகத்தில் இதை "தகவல் தொடர்புக் குறை" என்று எழுதி முடித்தார்கள். அதை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. மரக்கட்டையைத் தெரியாமல் எடுத்ததை அந்த மூன்று பேரும் மன்னித்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவருக்கு ஓர் இடம் கொடுக்கக்கூடிய கூலி ஒன்றே ஒன்று: அவர் தொட்ட வேலையைப் பற்றி முடிவெடுக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்பது. சான்றிதழ், வருடாந்தர விருந்து, பெயர் பொறித்த பலகை எதுவும் அதற்கு ஈடாகாது. கடைசி முடிவு நிர்வாகத்துடையதாகவே இருக்கட்டும், சட்டப் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் முன்கூட்டியே கேட்காமல் எடுத்த முடிவு, சரியாகவே இருந்தாலும், அந்தக் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான்.

வண்ணத்துக்காக நடக்கும் சண்டையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வெளியாட்களுக்கு அது அற்பமாகத் தெரியும். டிராமின் பக்கப் பலகையில் ஓரிடத்தை மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒன்றுக்குள் ஒன்றாக வண்ண வளையங்கள் தெரியும். வெளி வளையம் கடைசியாக ஓடிய காலத்துச் சிவப்பு, உள்ளே ஒரு பச்சை, அதற்கும் உள்ளே வெண்மஞ்சள், நடுவில் வெறும் மரம். பல பத்தாண்டுகள் ஓடிய டிராமில் வண்ணம் மட்டும் மாறியிருக்காது. திறந்த மாடிக்குக் கூரை போட்டிருப்பார்கள், இருக்கைகளை மாற்றியிருப்பார்கள். எந்த வருடத்துத் தோற்றத்துக்குக் கொண்டு வருகிறோம் என்று முடிவு செய்தால், மற்ற வருடங்களின் வேலையைக் கழற்றி எறிகிறோம். அதைத் திரும்பப் பெற முடியாது. அப்படியிருக்க, விளம்பரப் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக அலுவலகம் ஒரு வண்ணத்தைச் சொன்னால் பட்டறை கொதிக்காமல் என்ன செய்யும்?

நீராவி எஞ்சின் உள்ள இடங்களில் பாய்லர் தனிப் பிரச்சினை. பிரிட்டனில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாய்லரை இறக்கிக் குழாய்களை உருவி முழுதாகச் சோதிப்பது வழக்கம். அமெரிக்க விதியில் 1,472 சேவை நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், எது முதலில் வருகிறதோ அது. பத்து வருடம் என்பது எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கழிந்துகொண்டே இருக்கும். அதனால் இருக்கும் காலத்துக்குள் முடிந்தவரை ஓட்டி, அடுத்த பழுதுபார்ப்புக்குப் பணம் சேர்க்க மேலாளர் நினைப்பார். பட்டறைக்கோ, ஓட ஓட உலோகம் தேய்கிறதே என்று வயிறு எரியும். இருவர் சொல்வதும் நியாயம். இதைக் கணக்குப் போட்டுத்தான் தீர்க்க முடியும். யாருக்கு வண்டி மேல் அதிகப் பாசம் என்று வாதாடினால் ஒரு காலத்திலும் தீராது.

எல்லாவற்றையும் விடக் கசப்பானது உரிமை. ஆரம்ப காலத்தில் ஒருவர் தன் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். தானமா, இரவலா என்று எழுதியிருக்க மாட்டார்கள். அவர் காலமானபின் பிள்ளைகள் வந்து கேட்பார்கள், அல்லது நிர்வாகம் இடம் போதவில்லை என்று விற்கப் பார்க்கும். சர்வதேச அருங்காட்சியகக் கழகமான ஐகாமின் நெறிமுறைப்படி, சேகரிப்பிலிருந்து விற்ற பொருளின் பணத்தைச் சேகரிப்புக்கே செலவிட வேண்டும். கூரைப் பழுதுக்கோ சம்பள பாக்கிக்கோ அதை எடுக்கத் தொடங்கினால், பட்டறை அதற்குமேல் நிர்வாகத்தின் எந்தச் சொல்லையும் நம்பாது.

தன்னார்வலர்கள் செய்கிற அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவது, வரைபடத்தை யாருக்கும் காட்டாமல் அலமாரியில் பூட்டுவது, புதிதாக வந்த இளைஞரை மாதக்கணக்கில் தரை கூட்ட மட்டும் விடுவது, குறைந்த சம்பளத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தைக் கொட்டுவது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அந்தப் பெண்ணுக்கு எந்த முடிவிலும் பங்கில்லை.

தீருமா என்றால், முழுதாகத் தீராது, நன்றாகவே குறையும். நான் கண்ணால் பார்த்துப் பலன் தந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கத் தாள்: யாருக்குச் சொந்தம், எந்த வருடத்துத் தோற்றம், பொறுப்பாளர் யார், அதற்கென்று வந்த நன்கொடை எவ்வளவு, அதோடு சேர்ந்த உதிரிகளும் மாதிரிகளும் எங்கே இருக்கின்றன. பட்டறைப் பொறுப்பாளரும் மேலாளரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளில் உள்ள எதையும் விற்கவோ நகர்த்தவோ மாற்றவோ வேண்டுமென்றால், வார இறுதியில் பட்டறை கூடியிருக்கும்போது சொல்லிவிட்டு, பதில் வரக் காத்திருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் தன்னார்வலர் பிரதிநிதி ஒருவரைச் சேர்ப்பதும் நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. அவர் ஒரு வருடத்துக்குள் குழுவின் ஆளாகிவிடுவார், அல்லது தனித்துப்போய் விலகிவிடுவார்.

நீங்கள் புதியவர். எந்தக் கட்சியிலும் இப்போதே சேராதீர்கள். வேலை செய்யப் போகும் வண்டிக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று இரு தரப்பிடமும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதத் தொடங்குங்கள். மூத்தவரிடம் தகவல் கேட்கும்போது அவரும் மனம் திறப்பார், உங்களுக்கும் வண்டி பழகும். எழுதியதை இருவரிடமும் காட்டுங்கள். இரண்டு பேருமே கையெழுத்துப் போட மறுத்தால் வேறு அருங்காட்சியகம் தேடுவது நல்லது. ரிவெட் அடிக்கவும் மரம் இழைக்கவும் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் இளையவருக்கு இந்தத் துறையில் எங்கும் இடம் உண்டு.