தேரிக்காட்டு வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்களை ஆறேழு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 41. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்பாவின் ஊர் சாத்தான்குளம் பக்கம் செம்மணல் மேடுகள் சூழ்ந்த ஒரு தேரிக்காட்டுக் கிராமம். தாத்தா கட்டிய வீடு 14 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. போன கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு போய் ஐந்து நாள் அங்கே தங்கினோம். முற்றத்தில் பெரிய வேம்பு, அதன் நிழலில் தாத்தா வெட்டிய கிணறு, விடியற்காலையில் கோவில் மணி, வாசலில் வந்து பாடிய கீத பவனி. திரும்பி வந்ததிலிருந்து இந்த நகரத்தில் மூச்சு முட்டுகிறது. என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். மே மாதம் அங்கே குடிபோவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவர். பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 7. நகரத்துச் சபைகளில் கூட்டமும் ஒலிபெருக்கியும்தான் இருக்கின்றன. எளிய, உண்மையான விசுவாசம் கிராமத்தில்தான் மிச்சமிருக்கிறது என்று தோன்றுகிறது. மனைவி பள்ளி ஆசிரியை. கொஞ்சம் தயங்குகிறாள், ஆனால் போனால் பழகிக்கொள்வாள்.

பிள்ளைகளின் படிப்பு அங்கே பாதிக்கப்படுமா? நான் செய்வது ஊர் திரும்புவதா, இல்லை தப்பித்து ஓடுவதா? அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்களின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல முடியுமா?

அன்புடன்,
ச.
தாம்பரம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் அம்மா வீட்டுச் சாவி கிடந்தது. வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முந்தின நாள் இரவு தம்பியோடு வெகுநேரம் பேசியிருந்தேன். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, அதே செம்மண்ணில்தான் அந்த வீடும் இருக்கிறது. எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்கிறேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓடுவதா, திரும்புவதா என்ற கேள்வியை விடுங்கள். நீங்கள் போகப்போகும் வட்டாரமே ஓடிவந்தவர்கள் உண்டாக்கியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்களைச் சொந்த ஊர்க்காரர்களே அடித்தார்கள், ஜெபவீட்டை இடித்தார்கள். தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் அவர்களுக்காக 1799-ல் தனியாக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். தேங்காய்ப்பால் மஸ்கோத் அல்வாவால்தான் இன்று அதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அப்புறம் நாசரேத் வந்தது. சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக்கொடுத்த நிலத்தில் சாயர்புரம் வந்தது. ரேனியஸ் ஐயர் என்ற மிஷனெரி 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஜமீனுக்கும் பண்ணையாருக்கும் பயந்து கிடந்தவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுத்து ஊர் அமைப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கம் அது. உங்கள் தாத்தாவின் தாத்தாவும் அப்படி ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவராக இருக்கலாம். ஓடிப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எளிய விசுவாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கோபத்தை மூட்டியது. ஐந்து நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு ஒரு ஊரின் விசுவாசத்துக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். சேகரத் தேர்தல், அதாவது சபை நிர்வாகத் தேர்தல், நடக்கும் மாதத்தில் அங்கே இருந்து பாருங்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி எதிரெதிர் அணியில் நின்று, கோவிலில் நடக்கும் அடுத்த அசன விருந்தில் ஒருவருக்கொருவர் சோறு பரிமாற மாட்டார்கள். அதே ஊரில்தான் கடன்பட்டுச் செத்தவன் வீட்டு அடுப்பை மூன்று மாதம் அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சபை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டாவது வருடமே லாரி பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

சரி, நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். வேம்பு இருக்கிறது. கிணறு இருக்கிறது. அதை வெட்டிய தாத்தா இருக்கிறார். பிள்ளைகளின் வயது இருக்கிறது. உங்கள் மனைவிக்கு மொத்தம் இரண்டு வரி, அதுவும் தயங்குகிறாள், பழகிக்கொள்வாள் என்று. இன்னொன்றையும் பாருங்கள். போய் ‘தங்கினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘முடிவு செய்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கியது நான்கு பேர், முடிவெடுத்தது ஒருவர். நம் மொழியில் வினைமுற்று ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும், தம்பி.

1978 மே மாதம் எங்கள் வீட்டிலும் ஒருவர் முடிவெடுத்தார். அப்பா திருச்சியில் ஆசிரியர். தாத்தா இறந்ததும் ஊரில் வீடும் பனங்காடும் கேட்பாரில்லாமல் கிடந்தன. ஊர்ப்பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. ஒருநாள் சாயங்காலம் வந்து, இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறோம் என்றார். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தாள். பாலை இறக்கி வைத்துவிட்டு, எந்தத் தேதி என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு அப்போது 11 வயது, உங்கள் மகனின் வயது.

அம்மா திருச்சியில் பிறந்தவள். குழாயைத் திறந்தால் காவிரி வரும் வீடு. கோவில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுவாள். ரயிலில் நாசரேத்தில் இறங்கினோம். சாமான் ஏற்றிய லாரி ஊருக்கு அரை மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் மணல். எல்லாவற்றையும் மாட்டுவண்டிக்கு மாற்றினார்கள். வண்டிச் சக்கரமும் அச்சுவரை புதைந்தது. அம்மா வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சுடுமணலில் நடந்தாள். சேலையின் கரை சிவந்துபோனது. எத்தனை துவைத்தும் அந்தச் சிவப்பு போகவில்லை. தேரி மண் நூலுக்குள் புகுந்தால் போகாது.

அப்புறம் ஆடி வந்தது.

நீங்கள் ஆடியில் அங்கே இருந்ததில்லை. டிசம்பரில் போயிருக்கிறீர்கள். மழை பெய்து மண் படிந்திருக்கும், ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், வெளியூர்க் கார்கள் தெருவில் நிற்கும், பூட்டின வீடெல்லாம் திறந்திருக்கும். டிசம்பரில் அந்த ஊரைப் பார்த்து ஆசைப்படாதவன் யார்? ஆடியில் மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் தேரி எழுந்து நடக்கும். நேற்று இருந்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். மாவுபோல மெல்லிய சிவப்பு மண் ஓட்டு இடுக்கு வழியாக, கதவிடுக்கு வழியாக, மூடிவைத்த பானைக்குள்கூட வரும். அம்மா பழைய சேலையைக் கிழித்து நனைத்து, கயிறுபோல முறுக்கி, வாசல்படிக்கும் கதவுக்கும் நடுவில் திணிப்பாள். துணி காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நனைத்துவிட்டுப் படுப்பாள். அப்படியும் காலையில் பாயில் நாங்கள் படுத்திருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும், சுற்றிலும் சிவப்பு. சோற்றில் நறநறவென்று மண். அப்பா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைப்பார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நனைக்கத் தண்ணீர் வேண்டுமே. கிணறு ஏழெட்டு ஆள் ஆழம். முதல் வாரத்திலேயே அம்மாவின் உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் ஓடிவந்து கயிற்றை வாங்கி, “மைனி, இப்பிடி இறுக்கிப் புடிச்சா கை போயிரும். விட்டு விட்டுப் புடிங்க” என்று இழுத்துக் காட்டினாள். அந்த ஊரில் அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் அவள்தான். அப்பா அந்தக் கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நானும் தொடவில்லை. ஆம்பிளைப் பிள்ளை தண்ணீர் இறைப்பானா என்று ஊரே கேட்கும் என்பதால் அம்மா என்னை விடமாட்டாள். நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அப்பா திருச்சி நண்பர்களுக்கு இன்லாண்டு கடிதம் எழுதுவார். ஒட்டித் தபால்பெட்டியில் போடுவது என் வேலை. ஒட்டுமுன் வாசித்துவிடுவேன். பதநீரின் இனிப்பு, பனங்காட்டில் நிலா, ஏதேன் தோட்டம்போல் இருக்கிறது, கர்த்தர் எங்களை நடத்தினார். நல்ல தமிழ் அவருக்கு. எந்தக் கடிதத்திலும் அம்மா இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஏன் நாலு தடவை படித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நீங்கள் வரலாறு கேட்டீர்கள். அந்த வரலாற்றிலும் இதே கதைதான். கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து நடந்தே இடையன்குடிக்கு வந்ததை மேடைக்கு மேடை சொல்கிறோம். 1847-ல் தொடங்கி 1880 வரை, 33 வருடம் அங்கே கோவிலைக் கட்டியதைச் சொல்கிறோம். 1844-ல் அவரை மணந்து அதே மணலுக்கு வந்த எலைசாவைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். இடையன்குடியில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தவர்.

இன்னும் நெருக்கமான ஒன்று. மெய்ஞ்ஞானபுரத்துப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய முக்கியமானவர்களில் ஒருவர். 1909-ல் அவரே குடும்பத்தோடு நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். தெலுங்கு தேசம். ஆரம்பத்தில் கூடாரத்தில்தான் வாசம். 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் மனைவி அன்பு மரியம்மாள் தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். அந்தப் படிப்பைப் படித்தவர், சிறுபிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் கூடாரத்துக்கு வெளியே அடுப்பு மூட்டியிருக்கிறார். புது பாஷையைக் கற்று, அங்குள்ள பெண்களிடையே வேலை செய்திருக்கிறார். நம் ஊர்க் கோவில்களில் அசரியாவின் படத்தைப் பார்த்திருக்கிறேன். அன்பு மரியம்மாளின் படத்தை ஒன்றில்கூட நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வைத்து, போகாதீர்கள் என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். அம்மாவின் கதை அங்கே முடியவில்லை.

இரண்டாவது வருடம் அம்மா ஒரு கலயத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். கைப்பிடி அரிசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு, மாதத்துக்கு ஒருமுறை கோவிலில் சேர்ப்பது. அதை விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். அந்த அரிசியை வீடு வீடாக வாங்கிச் சேர்க்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அந்தச் சாக்கில் ஒவ்வொரு அடுப்படியிலும் போய் உட்கார்ந்தாள். எந்த வீட்டில் பிடி சிறுத்திருக்கிறதோ அங்கே பஞ்சம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாமல் அங்கே கருப்பட்டியோ நெல்லோ போய்ச் சேரும். அஞ்சாறு வருடத்தில் அவள் ஆல்ட்டோ சொல்லிக்கொடுத்த பெண்கள் கீர்த்தனைகளை இரண்டு குரலில் பாடினார்கள். திருச்சித் தமிழ் அவள் நாக்கிலிருந்து எப்போது கழன்றது என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா ஓய்வு பெற்றதும் தனியாகிப் போனார். அம்மாவுக்கு ஊர் முழுக்க வீடாக இருந்தது.

1999-ல் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, அம்மா உலை வைத்துவிட்டு அரிசியை அளந்துகொண்டிருந்தாள். சென்னைக்கு வந்துவிடு என்றேன். மாட்டேன் என்றாள். கலயத்தில் ஒரு பிடியைப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

21 வருடம் அந்த வார்த்தையை வைத்திருந்திருக்கிறாள்.

உங்கள் கிணற்றில் இன்று மோட்டார் போட்டுவிடலாம். தளம் போட்ட கூரையில் மண் இறங்காது. இணையம் வந்துவிட்டது. அதெல்லாம் கஷ்டமே இல்லை. நான் கேட்பது வேறு. உங்கள் மனைவி வேலை பார்ப்பது அரசு உதவி பெறும் பள்ளி என்றால், அந்த நிரந்தர இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது. அதை யோசித்தீர்களா? அவருடைய அம்மா எங்கே இருக்கிறார், முடியாமல் போனால் யார் பார்ப்பது? அந்த ஊரில் அவர் இன்னாரின் மருமகள் என்று மட்டும்தான் தெரியப்படுவார். தாம்பரத்தில் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் வேலை உங்கள் மடியிலேயே வந்துவிடும், அவருடையது வராது. தயக்கம் என்று ஒரே சொல்லில் நீங்கள் எழுதியதற்குள் இத்தனையும் இருக்கிறது.

மே மாதம் சாமானைக் கட்டாதீர்கள். ஆடியில் பத்து நாள், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, நீங்கள் இருவர் மட்டும் அந்த வீட்டில் போய் இருங்கள். கதவிடுக்குத் துணியை நீங்கள் நனையுங்கள். பத்தாம் நாள் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளும் மனத்தோடு கேளுங்கள். சரி என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள். அம்மா வீட்டில் அந்தக் கலயம் இன்னும் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.

பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒரு ஆசிரியை இருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

அன்புடன்.