கட்டில்மேல் சொட்டும் ஏசி தண்ணீர்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் மாடி வீடு. ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. கோடையில் ஒழுகவில்லை, ஐப்பசி மழை தொடங்கியதும் இன்டோர் யூனிட் மூலையிலிருந்து கட்டில்மேல் சொட்டுகிறது. தண்ணீர் தன் சுவரில் வழிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால், ஏசி தண்ணீர் வெளியேறும் பைப்பை நீட்டி ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறேன். லண்டனில் இருக்கும் மகன், அவன் வீட்டு ஹீட்டர் தண்ணீரில் அமிலம் உண்டு என்கிறான். இதிலும் உண்டா? செடிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றலாமா?

பதில்: முதலில் அந்த வாளியைப் பாருங்கள். பைப்பின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறதா? ஏசி மெஷினைத் தொடுவதற்கு முன் நான் பார்ப்பது அதைத்தான்.

இன்டோர் யூனிட்டுக்குள் சில்லென்று இருக்கும் குழாய்ச் சுருளான காயிலில் காற்றின் ஈரம் படிந்து கீழே ட்ரேயில் விழுகிறது. அங்கிருந்து வெளியேற மோட்டார் எதுவும் இல்லை, சரிவுதான் எல்லாம். ட்ரேயில் நிற்பது இரண்டு விரல் உயரத் தண்ணீர்கூட இருக்காது. பைப் எங்காவது மேடேறி இறங்கி, வாயும் முங்கிவிட்டால், நடுவில் மாட்டிய காற்றைத் தள்ள அதற்குத் தெம்பில்லை. ட்ரே நிரம்பிக் கட்டிலுக்கு வருகிறது. ஆனையூரில் ஒரு வீட்டில் பழைய பெயின்ட் வாளிக்குள் கிடந்த பைப்பைத் தூக்கினேன். ‘குபுக்’கென்று இரண்டு குமிழி, அப்புறம் கால் நிமிடம் கொட்டிக்கொண்டே இருந்தது. வாளி நிறையக் கொசுப்புழு வேறு.

கோடையில் ஒழுகாததற்குக் காரணம், மதுரை வெயிலில் காற்று காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் இறைக்கும்.

வாயை வாளி விளிம்புக்கு மேலே நிறுத்துங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். தொளதொள பைப்புக்குப் பதில் பிவிசி குழாய் போட்டுத் தரைவரை இறக்கினால் பக்கத்து வீட்டுச் சண்டையும் தீரும். சாக்கடைக் குழாயில் மட்டும் நேராகச் செருகாதீர்கள். நாற்றம் அறைக்குள் ஏறும்.

அதற்கும் நிற்கவில்லையா? பைப்புக்குள் பாசி வழுவழுப்பு அடைத்திருக்கும். ஏசிக்குக் கரண்ட் போகும் சுவிட்சான எம்சிபியை அணைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனரை வெளிவாயில் வைத்து இழுங்கள். வெளியிலிருந்து ஊதினால் அழுக்கு ட்ரேக்குத்தான் திரும்பும். ஆசிட் வேண்டவே வேண்டாம், காயிலின் அலுமினியத் தகடு அரித்துவிடும்.

மகன் சொல்வது சரிதான். அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கேஸை எரிக்கிறது. புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, கரியமில வாயுவும் கரைவதால் தண்ணீர் புளிக்கிறது. அமிலத்தைக் காட்டும் பிஹெச் அளவு 3 முதல் 5 வரை இருக்கும் (7-க்குக் கீழே போனால் அமிலம்). பனிக்காலத்தில் வெளிக்குழாயில் அது உறைந்தால் பாய்லரே நின்றுவிடும். நம் ஏசியில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த அமிலம் கிடையாது. ஆனால் காயிலின் தூசியும் கிருமியும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். தரை துடைக்கலாம், கக்கூஸில் ஊற்றலாம், பூச்செடிக்கு விடலாம். குடிக்கக் கூடாது. பேட்டரிக்கும் வேண்டாம்; கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள், பேட்டரி விலைக்கு அது ஒன்றுமே இல்லை.

காயிலில் பனிக்கட்டி தெரிந்தால் கதை வேறு. ஃபில்டரைக் கழுவி மாட்டிப் பாருங்கள். மறுபடியும் கட்டி பிடித்தால் ஏசிக்குள் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸை ஏற்றுவதற்கு முன் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.